கன்று எழும்பாமல் கிடந்தால் என்ன செய்வது?



நேற்றுப் பின்னேரம் தாயைச் சுற்றித் துள்ளி ஓடிய கன்று, விடியக்காலையில் எழும்பாமல் கிடக்கிறது. மலைநாட்டுத் தோட்டங்களில் இதை "கன்னுக்குட்டி எந்திரிக்க மாட்டேங்குது" என்று சொல்வார்கள். ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனைப் பக்கத்தில் "காக்கா, கண்டு எழும்புதில்ல, ஒருக்கா வந்து பாருங்க" என்று கூப்பிடுவார்கள். பேச்சு வேறாக இருந்தாலும் கவலை ஒன்றுதான்.

இந்தக் கவலை சின்னக் கவலை அல்ல. இன்றைக்குப் பிறந்த நாகு கன்று மூன்று, நாலு வருடத்தில் கறவைப் பசுவாகும். நாம்பன் கன்று என்றால் ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானுக்கு நல்ல விலைக்குப் போகும். தேயிலைத் தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால் கட்டி வளர்க்கும் ஒரு கன்றாக இருந்தாலும், ஹிங்குராணைக் கரும்புத் தோட்டப் பக்கம் மேயும் பட்டிக் கன்றாக இருந்தாலும், அது அந்தக் குடும்பத்தின் சேமிப்புப் புத்தகம். இன்னொன்றும் உண்டு. நமது நாட்டு மாடு கன்று ஊட்டாமல் பால் சுரக்காது. கன்று செத்தால் அன்றைக்கே பாலும் குறையும், சில நாளில் வற்றியும் போகும். ஆகவே கன்று எழும்பாத அன்று முதல் ஒரு மணித்தியாலத்தில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்பதை இந்தப் பக்கத்தில் நாம் சேர்ந்து பார்ப்போம்.

முதலில்: செய்யக்கூடாத நாலு காரியம்

கன்று விழுந்தவுடன் அக்கம்பக்கத்தார் ஓடி வருவார்கள். ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எல்லாம் நல்ல மனசோடுதான். ஆனால் கீழே சொல்லும் நாலும் கன்றைக் கொல்லக்கூடியவை.

1. வாலைப் பிடித்துத் தூக்குவது. வாலின் அடியில் நரம்பு இருக்கிறது. இழுத்தால் அது அறும். பிறகு சாணம், மூத்திரம் போவதே கஷ்டமாகிவிடும். உடைந்த காலோடு கிடக்கிற கன்றை நிமிர்த்தி நிறுத்தினால் முறிவு இன்னும் மோசமாகும்.

2. வாயில் ஊற்றுவது. இஞ்சி, மிளகுக் கசாயம், நல்லெண்ணெய், சில இடங்களில் சாராயம் கூட ஊற்றுகிறார்கள். விழுங்கச் சக்தியில்லாத கன்றுக்கு எதை ஊற்றினாலும் அது வயிற்றுக்குப் போகாது, சுவாசப்பைக்குள் போகும். வந்த நோயில் தப்பிய கன்றும் அதனால் மூன்றாம் நாள் நிமோனியாவில் சாகும்.

3. "கல்சியம் போத்தல் ஏத்தினா எழும்பிடும்" என்று நம்புவது. கன்று போட்ட பசு, அதிலும் கூடப் பால் கறக்கிற பசு விழுந்தால் கல்சியக் குறைவு காரணமாக இருக்கலாம். அதற்கு டொக்டர் கல்சியம் ஏற்றி, கண்ணுக்கு முன்னால் மாடு எழும்புவதை நாம் பார்த்திருக்கிறோம். அதைப் பார்த்துத்தான் கன்றுக்கும் கேட்கிறோம். ஆனால் பால் குடிக்கிற கன்றுக்கு அந்த நோய் வருவதில்லை. கல்சியத்தைத் தெரியாதவர் நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும்.

4. சூடு போடுவது. குறி சுடுகிற இரும்பால் காலிலும் முதுகிலும் சுடும் பழக்கம் இன்னும் சில பட்டிகளில் உண்டு. சுட்ட புண்ணில் புழு வைப்பதைத் தவிர வேறு பலன் இல்லை.

விழுந்த கன்றைப் பார்க்கும் முறை

தூக்குவதற்கு முன் பாருங்கள். ஐந்து நிமிடம் பொறுமையாகப் பார்த்தால் பாதி நோய் பிடிபட்டுவிடும். டொக்டர் வரும்போது சொல்வதற்கும் உதவும்.

தலையை நிமிர்த்தி வைத்திருக்கிறதா, பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறதா? காதைத் தொட்டால் சில்லென்று இருக்கிறதா? வாய்க்குள் ஈரமா, காய்ந்திருக்கிறதா? கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பா, வெள்ளையா, மஞ்சளா? கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே சமமாகிறதா, மடிந்தபடியே நிற்கிறதா? வாலுக்கடியில் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா? தொப்புள் தடித்துச் சூடாக இருக்கிறதா? முழங்கால் மூட்டு வீங்கியிருக்கிறதா? தொடையிலோ தோளிலோ அழுத்தினால் நறநறவென்று சத்தம் வருகிறதா? வாயிலிருந்து நூலாக எச்சில் வடிகிறதா? உடம்பில் நாய்க் கடித் தழும்பு ஏதும் உண்டா?

இதெல்லாம் பார்ப்பதற்கு மட்டும். வாய்க்குள் கையை விட வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

ஒரு தர்மாமீட்டர் வீட்டில் இருந்தால் மிக நல்லது. மனிதருக்கு வைக்கிறதே போதும், ஆனால் மாட்டுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நுனியில் கொஞ்சம் எண்ணெய் பூசி ஆசனவாயில் இரண்டு நிமிடம் பிடியுங்கள். நல்ல கன்றுக்கு 38.5 முதல் 39.5 பாகை செல்சியஸ் இருக்கும். 40 பாகைக்கு மேல் என்றால் காய்ச்சல். 37.5 பாகைக்குக் கீழ் என்றால் கன்று குளிரில் விறைத்துக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டுக்கும் செய்ய வேண்டியது நேர் எதிர். ஆகவேதான் அளந்து பார்க்கச் சொல்கிறோம்.

குளிர்: 2022 டிசம்பர் சொன்ன பாடம்

"நம்ம ஊர் வெயில் ஊர், இங்க குளிரில மாடு சாகுமா?" என்று கேட்டால், சாகும் என்பதுதான் பதில். 2022 டிசம்பர் இரண்டாவது வாரத்தில் வங்காள விரிகுடாவில் மாண்டஸ் புயல் உருவாகி, தமிழ்நாட்டில் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அந்த நாட்களில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் விடாத மழை, அதோடு வாடைக்காற்று. கிளிநொச்சி, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு மாவட்டங்களில் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் ஓரிரு இரவில் விழுந்து செத்தன. ஏதோ புது நோய் வந்துவிட்டது என்று ஊரெல்லாம் பயம். இறைச்சி கொண்டுபோவதற்கும் சில நாட்கள் தடை போட்டார்கள். பரிசோதித்துப் பார்த்ததில் தொற்று நோய் இல்லை, கடும் குளிரே காரணம் என்று கால்நடை அதிகாரிகள் அறிவித்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நுவரெலியாவில் அதைவிடக் குளிர் சாதாரணமாக அடிக்கிறது, அங்கே மாடு இப்படிக் கூட்டமாகச் சாவதில்லை. அப்படியென்றால் கிழக்கில் ஏன்? குளிர் தனியாக வரவில்லை. நனைந்த உடம்பு, காற்று, பசி இந்த மூன்றும் அதோடு சேர்ந்து வந்தன.

அம்பாறைக் கரையோரத்தில் மாரி வெள்ளாமை விதைத்தால் வயலில் மாட்டுக்கு இடமில்லை. அறுவடை முடியும் வரை பட்டிகளை மேற்கே காட்டோரத்துக்கும் மேட்டு நிலத்துக்கும் சாய்த்துக்கொண்டு போவார்கள். எத்தனையோ பட்டிகள் அந்தச் சின்ன நிலத்தில் மேய்வதால் புல் மட்டம். பட்டி என்பது முள்வேலி அடைத்த வெட்டவெளி, கூரை கிடையாது. மழை பெய்தால் குளம்பு மூடச் சேறு. ஆக வருடத்தில் மாடு மிகவும் மெலிந்திருக்கிற மாதங்களும், மழையும் வாடையும் அடிக்கிற மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன. முதலில் விழுவது கன்று. அதற்குத் தோல் மெல்லியது, கொழுப்பு இல்லை. பெரிய மாட்டுக்குப் பெருவயிற்றில் புல் நொதித்து உள்ளே அடுப்பு எரிவது போலச் சூடு வரும். பால் குடிக்கிற கன்றுக்கு அந்த அடுப்பு இன்னும் பற்றவில்லை. அதற்குப் பால் ஒன்றுதான் விறகு. தாய் பசியில் இருந்தால் பாலும் இல்லை. இருக்கிற பாலையும் நாம் கறந்து எடுத்துவிட்டால் கன்றுக்கு என்ன மிச்சம்?

மலைநாட்டிலும் கணக்கு இதேதான். கூரை இருக்கிறது என்று நினைப்போம். ஆனால் மூத்திரம் தேங்கிய சிமெந்துத் தரையில், சாக்குக்கூட இல்லாமல், பலகைச் சந்தால் காற்று அடிக்கிற இடத்தில் ஒரு வாரக் கன்று படுத்தால் அதுவும் விறைக்கும்.

குளிரில் விழுந்த கன்றைக் காப்பாற்றுவது நம் கையில் இருக்கிறது. முதலில் உடம்பைத் துடைத்து உலர்த்துங்கள். சாக்கால் நன்றாகத் தேய்த்தால் இரத்தமும் ஓடும். காற்றுப் படாத இடத்தில், ஒரு முழ உயரத்துக்கு வைக்கோல் போட்டு அதன்மேல் கிடத்துங்கள். போத்தல்களில் சுடுதண்ணீர் நிரப்பி, துணி சுற்றி, நெஞ்சுப் பக்கமும் தொடையிடுக்கிலும் வையுங்கள். மேலே உலர்ந்த சாக்கால் மூடுங்கள். நெருப்புக்குப் பக்கத்தில் கிடத்த வேண்டாம், உணர்வில்லாத தோல் வெந்துபோகும். உடம்பு சூடாகி, கன்று விரலைச் சூப்புவதுபோல உதட்டை அசைத்துத் தானாகப் பால் தேட ஆரம்பித்த பிறகே, இளஞ்சூட்டில் தாய்ப்பால் கொடுங்கள். விறைத்த கன்றுக்கு முதலில் பால் ஊற்றினால் அது சமிக்காது. முதலில் சூடு, பிறகு பால். இதை மறக்க வேண்டாம்.

வயசைக் கொண்டு நோயைக் கணிக்கலாம்

பிறந்து மூன்று நாளுக்குள். கஷ்டப்பட்டுப் பிறந்த கன்று, அல்லது கடும்புப்பால் குடிக்காத கன்று. மலைநாட்டில் இதைச் சீம்பால் என்போம். தாய் வயிற்றில் இருக்கும்போது கன்றுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி கிடைப்பதில்லை. எல்லாம் அந்த முதல் பாலில்தான் வருகிறது. பிறந்து நேரம் போகப் போகக் குடல் அதை உறிஞ்சும் சக்தி குறைந்து, ஒரு நாளில் அந்தக் கதவு அடைபட்டுவிடும். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 20 கிலோ நாட்டுக் கன்றுக்கு 2 லீற்றர், முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் உள்ளே போக வேண்டும். "கடும்பு வட்டிலப்பம் மாதிரி ருசி" என்று வீட்டுக்கு எடுப்பவர்கள் கன்று குடித்து மிஞ்சியதை எடுக்கட்டும்.

மூன்று நாள் முதல் மூன்று வாரம் வரை. கழிச்சல். இந்த வயசில் கன்று விழுவதற்கு இதுவே பெரிய காரணம். கழிச்சலில் தண்ணீரும் உப்பும் போய், இரத்தம் புளித்து, கால் தொய்ந்துவிடும். கண் குழிவிழும், தோல் மடிந்தபடி நிற்கும். நடமாடுகிற கன்று என்றால் நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற ஜீவனி போதும். பக்கற்றில் எழுதியபடி கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, 20 கிலோ கன்றுக்குத் தடவைக்கு ஒரு லீற்றராக, நாளைக்கு மூன்று தடவை, பாலுக்கும் பாலுக்கும் இடையில் கொடுங்கள். பாலை நிறுத்த வேண்டாம், நிறுத்தினால் பசியிலேயே விழும். ஆனால் எழும்பவே முடியாமல் விழுந்த பிறகு ஜீவனி மட்டும் காணாது. அதற்கு நரம்பால் சேலைன் ஏற்ற வேண்டும். அன்றைக்கே டொக்டரைக் கூப்பிடுங்கள்.

இதே வயசில் மூட்டு வீங்கி, வலியில் எழும்பாமல் கிடந்தால் தொப்புள் வழியாக ஏறிய கிருமி. பிறந்தவுடன் தொப்புள் கொடியை அயடினில் முக்கி எடுத்திருந்தால் வந்திராது.

எருமைக் கன்றுக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். எருமைத் தயிருக்குப் பேர்போன ஊர்கள் நமது கிழக்கு ஊர்கள். எருமைத் தாயின் பாலோடு உருண்டைப் புழுவின் குஞ்சுகள் கன்றின் வயிற்றுக்குப் போகின்றன. வெள்ளையாய்க் களிமண் போலக் கழிந்து, வயிறு ஊதி, மெலிந்து ஒரு மாதத்தில் விழும். பத்தாம் நாளுக்கும் பதினாறாம் நாளுக்கும் இடையில் ஒரே ஒரு தடவை பூச்சி மருந்து கொடுத்தால் போதும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை மிருக வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள்.

ஆறு மாதம் முதல் இரண்டு வயசு வரை. இங்கே கொழுத்த, நல்ல கன்றுகளே திடீரென்று விழும். நாலு நோயை ஞாபகம் வையுங்கள்.

சப்பை நோய்: தொடையோ தோளோ வீங்கி, அழுத்தினால் நறநறக்கும். ஓரிரு நாளில் செத்துவிடும். நோய்க்கிருமி மண்ணில் பல வருடம் உறங்கிக் கிடக்கும். செத்த கன்றை வெட்டிப் பார்த்தால் அந்த நிலமே கெட்டுவிடும்.

தொண்டை அடைப்பான்: மழைக்காலத்தில் வரும். கடும் காய்ச்சல், தொண்டை வீக்கம், இழுத்து இழுத்து மூச்சு. ஒரு நாளுக்குள்ளேயே முடிந்துவிடும். எருமைகளை அதிகம் தாக்கும். நமது நாட்டின் டொக்டர் எம்.சி.எல். டி அல்விஸ் இந்த நோயை ஆராய்ந்து 1999இல் எழுதிய நூலை வெளிநாட்டு வைத்தியர்களும் படிக்கிறார்கள். அப்படிப்பட்ட அறிவு இருக்கிற நாட்டில் தடுப்பூசி போடாமல் கன்றைச் சாகக் கொடுப்பது நியாயமா?

மூன்று நாள் காய்ச்சல்: நுளம்பும் சிறு கொசுவும் பரப்புவது. இன்று காய்ச்சல், நாளை நொண்டல், பிறகு எழும்பாது. நாலாம் நாள் பெரும்பாலும் தானாகவே எழும்பிவிடும். இந்த நோயில் தொண்டையும் சில நேரம் வேலை செய்யாது. வாயில் மருந்து ஊற்றியே பலர் மாட்டைக் கொல்கிறார்கள். நிழல், தண்ணீர், பொறுமை, டொக்டரின் ஊசி இவை போதும்.

கால் வாய் நோய், அதாவது கோமாரி: பெரிய மாடு நொண்டும், வாயில் கொப்புளம் போடும், பெரும்பாலும் தப்பிவிடும். பால் குடிக்கிற கன்று அப்படியல்ல. கிருமி இதயத் தசையைத் தாக்குவதால், கொப்புளம் தெரியுமுன்பே விழுந்து செத்துவிடலாம்.

எந்த வயசிலும். வயலுக்கு மருந்தடித்த நாளில் கன்று விழுந்து, எச்சில் வடிந்து, நடுங்கி, கண்மணி சுருங்கினால் நஞ்சு என்று நினையுங்கள். மருந்துப் போத்தலையோ லேபலையோ எடுத்துக்கொண்டு ஓடுங்கள். அதைப் பார்த்தால்தான் டொக்டருக்கு எந்த மாற்று மருந்து என்று தெரியும். கரும்புத் தோட்டப் பக்கம் உள்ளவர்களுக்கு இன்னொன்று: மொலாசஸ் என்கிற கரும்புப் பாகு நல்ல தீனிதான். ஆனால் புல்லைக் குறைத்துப் பாகை அள்ளி வைத்தால் மூளை பழுதாகி, மாடு குடித்தவன் போலத் தள்ளாடிக் குருடாகி விழும். கரும்பு நாடான கியூபாவில் இதை "பாகு வெறி" என்றே அழைத்தார்கள். புல்லும் வைக்கோலும் வயிறாரக் கொடுத்து, அதன்மேல் கொஞ்சம் பாகு தெளித்தால் பயமில்லை.

உயிருக்கு ஆபத்து: விசர்

வாய்க்குள் கையை விட வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். பின்கால் இழுபட்டு விழுந்த கன்று, விழுங்க முடியாமல் எச்சில் வடித்து, குரல் மாறிக் கத்தினால், "தொண்டையில ஏதோ சிக்கியிருக்கு" என்று நாம் கையை விட்டுத் தேடுவோம். அது விசர் நாய் கடித்த கன்றாக இருந்தால்? கடி பட்டு வாரங்கள், மாதங்கள் கழித்தே நோய் தெரியும். கடித்ததை யாரும் கண்டிருக்கவே மாட்டார்கள். எச்சிலில் உள்ள கிருமி நம் விரலில் உள்ள சின்னக் கீறலால் ஏறும். மனிதருக்கு விசர் நோய் வெளிப்பட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை.

அப்படிப்பட்ட கன்றின் எச்சில் பட்டுவிட்டால் சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசி இலவசம். "கன்று சாகட்டும், பிறகு பார்ப்போம்" என்று காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளை அந்தக் கன்றுக்கு அருகில் விட வேண்டாம். வீட்டு நாய்க்கு வருடம் ஒருமுறை தடுப்பூசி போடுவது கன்றையும் பிள்ளையையும் சேர்த்தே காக்கிறது.

படுத்த கன்றைப் பராமரித்தல்

டொக்டர் வந்து மருந்து போட்டுவிட்டார். கன்று இன்னும் எழும்பவில்லை. இனி அதைக் காப்பாற்றுவது வீட்டிலுள்ளவர்களின் கையில். பல கன்றுகள் வந்த நோயால் அல்ல, கிடந்த கிடையாலேயே சாகின்றன. பெரிய மாடு ஒரே பக்கமாக ஆறு மணித்தியாலம் கிடந்தாலே அடியில் உள்ள தசை நசுங்கிப் பழுதாகத் தொடங்கும். கன்று பாரம் குறைவு, கொஞ்சம் தாங்கும், ஆனால் அதுவும் அதே கதைதான்.

பக்கவாட்டில் விழ விடாமல், நெஞ்சு தரையில் பட, கால் மடித்து இருத்துங்கள். இரண்டு பக்கமும் மணல் நிரப்பிய சாக்கை முட்டுக் கொடுங்கள். தடிப்பாக வைக்கோல் போடுங்கள். நமது கரையோரத்தில் உலர்ந்த மணலும் நல்ல படுக்கை. இரவிலும் பகலிலும் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றுங்கள். நனைந்த வைக்கோலை உடனே எடுங்கள். காலை நீட்டி மடக்கித் தேய்த்துவிடுங்கள். தானாகக் குடித்தால் மட்டும் தண்ணீரும் பாலும் கொடுங்கள். கன்றே முயற்சி செய்கிற நேரம் வயிற்றுக்கடியில் ஒரு அகலச் சாக்கைப் போட்டு, இரண்டு பேர் பிடித்து ஐந்து பத்து நிமிடம் நிற்க உதவுங்கள். தொங்கவிட்டபடி விட்டுவிட்டுப் போக வேண்டாம். தாயைக் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கட்டுங்கள். தாயின் நக்கல் ஒரு மருந்துதான்.

கண் தெளிவாக, காது அசைய, தீனி தேடுகிற கன்றை விட்டுவிட வேண்டாம். இரண்டு மூன்று நாள் கழித்தும் எழும்பியவை உண்டு. தலையைத் தூக்காமல், தீனி தண்ணீர் எடுக்காமல், நாளுக்கு நாள் மங்குகிற கன்றைப் பற்றி டொக்டரிடம் நேராகக் கேளுங்கள். எழும்பாது என்று அவர் சொன்னால், வேதனை நீளாமல் அவரே ஊசியால் முடித்துவைப்பது இரக்கம்.

"சாகுமுன்னம் அறுத்துவிடுவமா?"

இந்தக் கேள்வி எல்லாப் பட்டியிலும் எழும்பும். "மச்சான், உயிர் இருக்கும்போதே அறுத்தா காசாவது மிஞ்சும்." கஷ்டப்பட்ட குடும்பத்தின் கேள்வி, நாம் இலேசாகத் தள்ள முடியாது. ஆனால் எதனால் விழுந்தது என்று தெரியாத கன்றை அறுத்தால், அறுக்கிறவரின் கையும், தின்கிற பிள்ளையின் வயிறும் ஆபத்தில் இருக்கின்றன. விசர், தொண்டை அடைப்பான், நஞ்சு எல்லாம் வெளியிலிருந்து பார்த்துத் தெரிகிறவை அல்ல. நேற்றுப் போட்ட ஊசி மருந்தும் இறைச்சியில் இருக்கும். ஊசி போட்டபின் எத்தனை நாள் பாலும் இறைச்சியும் எடுக்கக்கூடாது என்பதை டொக்டரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

பெரிய நாடுகளும் இதை அடிபட்டே படித்தன. 2008இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு கொல்களத்தில் எழும்ப முடியாத மாடுகளை இயந்திரத்தால் தள்ளியும் மின்சாரம் பாய்ச்சியும் எழுப்பிய படம் வெளியானது. 143 மில்லியன் இறாத்தல் இறைச்சியைத் திருப்பி எடுக்க வேண்டி வந்தது. 2009இல் எழும்பாத மாட்டை அறுக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. ஆனால் கன்றுகளுக்கு மட்டும் ஒரு விலக்கு: களைத்தோ குளிரிலோ விழுந்த கன்றைச் சூடாக்கி, ஓய்வு கொடுத்து, எழும்பினால் அறுக்கலாம். அந்த விலக்கு இருந்ததால் கன்றைப் பட்டினி போட்டு ஏற்றிவந்து, அடித்து எழுப்பும் பழக்கம் நிற்கவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. 2016இல் அந்த விலக்கையும் நீக்கினார்கள். எழும்பாத கன்றைக் காசாக்கலாம் என்று ஒரு வழி திறந்திருந்தால், அதை எழும்பாமல் காப்பதற்கு யாரும் மெனக்கெடுவதில்லை. நமக்கும் அது பொருந்தும்.

செத்த கன்றை ஆற்றிலோ களப்பிலோ வீச வேண்டாம். நாய்க்கும் போட வேண்டாம். கிணற்றுக்குத் தள்ளி, ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்கள்.

வருமுன் காப்போம்

அடுத்த மாரிக்கு முன்னால், செப்டெம்பர் மாதத்திலேயே, இந்த வேலைகளைச் செய்துகொள்வோம்.

- மிருக வைத்திய அலுவலகத்துக்குப் போய் என்னென்ன தடுப்பூசி எப்போது என்று கேட்டு, பட்டியைப் பதிந்துகொள்வது. ஒலுவில் மக்களுக்கு அட்டாளைச்சேனைப் பிரிவு. தோட்டத்தில் இருப்பவர்கள் நலன்புரி உத்தியோகத்தரிடம் கேட்கலாம்.
- அறுவடை முடிந்ததும் வைக்கோலை எரிக்காமல் போர் போட்டு, மேலே கிடுகோ பொலித்தீனோ மூடி வைப்பது. அதே வைக்கோல்தான் டிசம்பரில் தீனியும் படுக்கையும்.
- பட்டியின் ஒரு மூலையில், வாடைக்கு எதிர்ப்பக்கம் அடைப்பு வைத்து, கன்றுகளுக்கு மட்டுமாவது ஒரு கூரை. நாலு கம்பும் பத்துக் கிடுகும் போதும். தரையை ஒரு அடி உயர்த்தினால் தண்ணீர் நிற்காது.
- மழைக்காலத்தில் ஒரு காம்புப் பாலைக் கன்றுக்கென்றே விட்டுவிடுவது.
- ஒரு தர்மாமீட்டர், ஒரு சின்னப் போத்தல் அயடின், நாலு ஜீவனிப் பக்கற், இரண்டு உலர்ந்த சாக்கு. இவற்றை ஒரு பையில் போட்டுக் கூரையில் தொங்கவிடுவது.

இவ்வளவுக்கும் ஆகிற செலவு ஒரு கன்றின் விலையில் சிறு பங்குகூட இல்லை. தனி ஒருவருக்குக் கஷ்டம் என்றால் நாலு குடும்பம் சேர்ந்து ஒரு பை வைத்துக்கொள்ளலாம். பக்கத்து லயத்துக் கன்று விழுந்தாலும், பக்கத்துப் பட்டிக் கன்று விழுந்தாலும் அந்தப் பையோடு ஓடிப்போங்கள். இந்தப் பக்கத்தை வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வீட்டிலுள்ள பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும். மாடு பார்ப்பவர் வாப்பாவோ தாத்தாவோ, விடியக்காலையில் முதலில் கன்றிடம் போவது பெரும்பாலும் அந்தப் பிள்ளைகள்தான்.